இரண்டாவது திருட்டு

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் சமயநல்லூரைத் தாண்டிவிட்டால், பஸ்ஸுக்குள் வீசும் காற்றே வேறு. ஒரு பக்கம் சிறுமலை நீலமாகத் தெரியும். மறு பக்கம் சோழவந்தான் வரைக்கும் வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். அந்தச் சாலையில்தான் இருக்கிறது வாடிப்பட்டி.

இரவு எட்டு மணிக்கு அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள், நேயர்களே! மதுரையிலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றும் நாலைந்து பெண்களை இறக்கிவிட்டுப் போகிறது. கையில் காலித் தூக்குச் சட்டி, தோளில் பை, தலையில் காலையில் வைத்து வாடிப் போன பூ. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் புடவை விரித்துக் காட்டியவர்கள். பாத்திரக் கடையில் எடை போட்டவர்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர்கள். காலையில் சோறாக்கி வைத்துவிட்டுப் போய், இரவு வந்து மறுபடியும் அடுப்பு மூட்டப் போகிறவர்கள்.

வெற்றிலை விவசாயத்தைப் பற்றித் தகவல் திரட்டச் சோழவந்தான் போயிருந்த நான், திரும்பும் வழியில் அங்கே மதுரை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஓர் அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். அதற்கு மேலே ஒரு தழும்பு, இன்னும் சரியாக ஆறாமல்.

"வீட்டுக்குப் போகவில்லையா, அக்கா?" என்று கேட்டேன்.

"மகன் வரணும் தாயி. முன்னெல்லாம் தனியாத்தான் நடந்து போவேன். இப்போ அவன் வந்து கூட்டிட்டுப் போறான். பயமாப் போச்சு" என்றார்.

பேச்சு வளர்ந்தது. மதுரையில் இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருஷமாக வேலை. ஒரு நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு நடக்கையில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக் கொண்டு போய்விட்டார்கள். இழுத்த இழுப்பில் கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. நாலு நாள் கையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் காத்திருந்தார். ஆக, ஆறு நாள்.

"ஆறு நாள் சம்பளத்தையும் பிடிச்சுட்டாக" என்றார். சற்று நேரம் சாலையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "களவாணிப்பய கழுத்திலே கிடந்ததைப் பறிச்சான். அது களவு. இதுக்கு என்ன பேரு, தாயி?"

நான் விழித்தேன். காலேஜில் படித்த படிப்பு எதுவும் அந்தச் சமயத்தில் கை கொடுக்கவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அக்கா" என்று மட்டும் சொல்லி, அவருடைய மகனின் டெலிபோன் நம்பரை வாங்கிக் கொண்டேன்.

"பத்திரிகையிலே என் பேரைப் போட்டுறாதே தாயி" என்று அவர் எச்சரித்தார். போடவில்லை. ஆனால் விசாரித்துத் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் வீட்டிலும் வேலைக்குப் போகும் மகளோ, மருமகளோ, தங்கையோ இருப்பாள் அல்லவா?

அந்த ஆறு நாள்

முதலில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'குற்றத்துக்கு ஆளானவருக்கு இத்தனை நாள் லீவு' என்று எல்லா வேலைக்கும் பொதுவாகச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. ஆனால் அதனால் அந்த அம்மாளுக்கு வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1947 ஆம் வருஷத்துச் சட்டம். அதில் 25 ஆவது பிரிவு லீவைப் பற்றியது. கடையில் வேலை பார்ப்பவர் உடம்புக்கு வந்தாலோ, விபத்தில் அடிபட்டாலோ வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் லீவு எடுக்கலாம். அது போக, 'நியாயமான காரணம்' எதற்காகவும் இன்னொரு 12 நாள் வரை எடுக்கலாம். இந்த இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே உண்டு. ஒரு வருஷம் விடாமல் வேலை பார்த்துவிட்டால், அடுத்த வருஷத்திலிருந்து ஓய்வுக்காகவே வேறு 12 நாள்.

இப்போது அந்த அம்மாளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கை வீங்கிக் கிடந்த 4 நாளும் முதல் வகை. போலீஸ் ஸ்டேஷனில் காத்திருந்த 2 நாளும் இரண்டாம் வகை. திருட்டுக் கொடுத்தவள் போலீசுக்குப் போவதைவிட நியாயமான காரணம் வேறு என்ன இருக்க முடியும்? ஆறு நாளுக்கும் சம்பளம் உண்டு!

நோய் அதற்கு மேலும் நீடித்தால்? அப்போது உதவிக்கு வருவது இ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளிலும் ஆலைகளிலும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளி பங்கு. மூன்றே கால் ரூபாய் முதலாளி பங்கு. 12,000 ரூபாய் சம்பளக்காரியிடம் 90 ரூபாய் பிடித்தால், முதலாளி 390 ரூபாய் கட்ட வேண்டும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சீட்டின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். அதாவது, நாளொன்றுக்கு 400 ரூபாய் சம்பளம் என்றால் 280 ரூபாய். 1948 ஆம் வருஷத்துச் சட்டமாகப் பிறந்த இந்தத் திட்டம், இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 ஆம் தேதி அமலுக்கு வந்தது.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு தொகை மாதா மாதம் கழிவதைப் பார்த்து, "வீணாய்ப் போகிறதே!" என்று அங்கலாய்ப்பவர்கள் பலர். மதுரை தத்தனேரியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருப்பது தெரிந்தவர்களுக்குக்கூட, படுக்கையில் கிடக்கும் நாளுக்குப் பணமும் வரும் என்பது பல சமயம் தெரிவதில்லை.

போலீஸ் உங்கள் வீடு தேடி வரவேண்டும்

அந்த அம்மாள் ஸ்டேஷனில் காத்திருந்த இரண்டு நாளைப் பற்றி இன்னொரு சங்கதி. புகார் கொடுத்த பிறகு, வாக்குமூலம் வாங்குவதற்காக ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரும்படி போலீஸார் கட்டாயப்படுத்தக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வெகு காலமாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. அவளே இஷ்டப்பட்டால் ஸ்டேஷனுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

இன்னும் கேளுங்கள். புகாரை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பிவிட்டு, மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வழக்கு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லப் போனால், நியாயமான செலவை அரசாங்கத்திலிருந்து கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வக்கீல் வைக்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். பெண்ணாக இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்கிறது 1987 ஆம் வருஷத்துச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைத் தேடிப் போகலாம். அல்லது 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

வேலை செய்யும் இடத்திலேயே நடந்தால்?

சங்கிலியைப் பறித்தவன் தெருவில் போனவன். தீங்கு செய்தவன் பக்கத்து நாற்காலியிலோ, மேற்பார்வையாளர் மேஜையிலோ உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

ராஜஸ்தானத்தில் பால்ய விவாகத்தைத் தடுக்கப் பாடுபட்ட ஓர் ஊழியைக்கு 1992 இல் நேர்ந்த கொடுமையை ஒட்டி, மகளிர் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1997 இல் 'விசாகா' தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு சட்டமாக உருவெடுக்கப் பதினாறு வருஷம் ஆயிற்று. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் அந்த 2013 ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் முதலாளி ஓர் உள் குழு அமைத்தாக வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறிய இடங்களில் வேலை செய்பவர்களும், முதலாளி மேலேயே புகார் சொல்ல வேண்டியவர்களும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் உண்டு.

நம் விஷயத்துக்கு முக்கியமானது 12 ஆவது பிரிவு. விசாரணை நடக்கும் காலத்தில், அந்தப் பெண் எழுதிக் கேட்டால், மூன்று மாதம் வரை அவளுக்கு லீவு கொடுக்கும்படி குழு சிபாரிசு செய்யலாம். சிபாரிசு வந்துவிட்டால் முதலாளி அதை நிறைவேற்ற வேண்டும். அவளுக்கு வழக்கமாக உள்ள லீவில் அதைக் கழிக்கக் கூடாது. ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: 'சம்பளத்துடன்' என்ற வார்த்தை அந்தப் பிரிவில் இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் 2017 இல் தனியாக விதி செய்து, 90 நாள் வரை சம்பளத்துடன் லீவு கொடுத்தார்கள். ஆகையால் தனியார் இடத்தில் வேலை செய்யும் பெண், லீவு கேட்கும்போதே 'சம்பளத்துடன்' என்று சேர்த்து எழுதிக் கேட்பது நல்லது.

சட்டம் இருந்தும், கேட்பதற்கு வாய் வராத பெண்கள் எத்தனையோ பேர். வாடிப்பட்டியிலிருந்து வடக்கே அதே சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திண்டுக்கல் சீமையில் நடந்ததைக் கேளுங்கள்.

2021 ஜனவரியில், அங்கே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் பெண் ஒருத்தி கொலையுண்டு கிடந்தாள். கைதானவன் அவளுடைய மேற்பார்வையாளன். அந்தத் தொழிற்சாலையில் தொல்லைகள் வெகு நாளாக நடந்து வந்தன என்றும், வேலை போய்விடும் என்ற பயத்தில் பலர் வாய் திறக்கவில்லை என்றும் மற்றப் பெண்கள் அதன் பிறகுதான் வெளியே சொன்னார்கள். பெண்கள் தலைமை தாங்கி நடத்தும் டி.டி.சி.யூ. என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஒரு வருஷத்துக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. ஒரு பக்கம் சங்கம். மறு பக்கம் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனி. அந்தத் துணிகளை வாங்கி விற்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற அயல் நாட்டுக் கம்பெனிகளும் இதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டன.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் ஏற்பாடு. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலேயே கண்காணிப்பாளர்களைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொல்ல ஒருத்தி தனியாக நடந்து போக வேண்டியதில்லை. பக்கத்து மெஷினில் தைப்பவளே துணைக்கு வருவாள். புகார் சொன்னதற்காக யாரையும் பழி வாங்கக் கூடாது என்பதும் அதில் எழுத்தில் ஏறியது.

வீட்டுக்குள் நடந்தால்?

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். கன்னம் வீங்கியிருக்கிறது என்பதற்காக லீவு போட்டுவிட்டு, மறுநாள் "பல் வலி" என்று சொல்லும் பெண்ணை உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்.

அவளுக்காக 2005 ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி உதையால் வேலைக்குப் போக முடியாமல் இழந்த வருமானத்தையும், வைத்தியச் செலவையும் அடித்தவனே கொடுக்கும்படி மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அவசர உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. ஆனால், இதற்கென்று முதலாளி லீவு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை.

பிற தேசங்களில் வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே 2004 ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குச் சம்பளத்துடன் 10 நாள் லீவு எழுதிவிட்டார்கள். நியூஸிலாந்தில் 2019 ஏப்ரல் முதல் 10 நாள். ஆஸ்திரேலியாவில் 2023 முதல் 10 நாள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், வருஷத்துக்குக் குறைந்தது 5 நாள் என்ற சம்பளத்துடன் கூடிய நோய் லீவைக் குற்றத்துக்கு ஆளானவர்களும் எடுத்துக் கொள்ளலாம். அங்கெல்லாம் முதலாளிகள் இதனால் கடையைக் கட்டிவிடவில்லை!

எஜமானி யார்?

இதுவரைக்கும் 'முதலாளி', 'முதலாளி' என்று சொல்லிக் கொண்டே வந்தேன். நேயர்களே, கோபித்துக் கொள்ளாமல் இருந்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு முதலாளி யார்?

கடைச் சட்டம் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் சம்பளம் என்பதைச் சர்க்கார் தீர்மானிக்கவில்லை, நாம் தீர்மானிக்கிறோம். ரேஷன் கார்டு தொலைந்தது என்று அவள் ஸ்டேஷனுக்குப் போன நாளைக் கணக்கில் பிடிக்கலாமா என்பதையும் நாம்தான் தீர்மானிக்கிறோம். 2013 ஆம் வருஷத்துச் சட்டம் மட்டும் வீட்டு வேலைக்காரியையும் விட்டுவிடவில்லை. நம் வீடும் அவளுக்குப் 'பணியிடம்'தான் என்று அது சொல்கிறது. அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

சட்டம் சொல்லாத இடத்தில் நம் மனசு சொல்ல வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு நாள் வீதம் வருஷத்துக்கு 12 நாள் என்று நாமே வைத்துக் கொண்டால் என்ன? ஜவுளிக் கடைக்காரரிடம் எதிர்பார்ப்பதை நம்மிடமும் எதிர்பார்க்கலாம் அல்லவா?

ஒரு வெள்ளைத் தாள்

வாடிப்பட்டி அம்மாளின் மகனுக்கு டெலிபோன் செய்து, ஒரு விண்ணப்பத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக் கொள்ளச் சொன்னேன். உங்களுக்கும் உபயோகப்படும் என்று அதை இங்கே தருகிறேன்:

"ஐயா, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை 4 நாட்கள், திருட்டின்போது ஏற்பட்ட காயத்தால் வேலைக்கு வர இயலவில்லை. டாக்டர் சீட்டை இணைத்திருக்கிறேன். அதற்குப் பின் 2 நாட்கள் போலீஸ் விசாரணைக்காகப் போக நேர்ந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 25 ஆவது பிரிவின்படி, இந்த 6 நாட்களையும் சம்பளத்துடன் கூடிய லீவாகக் கருதி, பிடித்த தொகையைத் தந்து உதவ வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் 'பெற்றுக் கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். பதிலே வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளே பேசினார்.

"நாலு நாள் சம்பளம் குடுத்துட்டாக, தாயி. ஸ்டேஷனுக்குப் போன ரெண்டு நாளைப் பத்திக் கணக்குப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காக."

"முதலாளி கோபித்துக் கொண்டாரா?"

"இல்லே. 'அப்பவே கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே'ங்குறாரு!" என்று சிரித்தார். "நான் அப்பவும் கேட்டேன் தாயி. வாயாலே கேட்டேன். தாளிலே எழுதிக் கேக்கலே. அம்புட்டுத்தான்."

சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. வழக்கு நடக்கிறது. மீதி இரண்டு நாள் சம்பளத்துக்காக அவர் இன்னொரு தாள் எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தடவை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். பழைய பிரதியைப் பார்த்து அவரே எழுதினாராம்.